நாயின் பக்கமிருந்தும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கஃபேக்களிலும் பொது இடங்களிலும் நாய்களை விடலாமா கூடாதா என்று பேசுகிறவர்கள் எல்லோரும் மனிதர்களின் வசதியையே பேசுகிறார்கள், அந்த நாய்க்கு அங்கே இருக்கப் பிடிக்கிறதா என்று யாருமே கேட்பதில்லை. நானும் நாய் வளர்ப்பவள்தான். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாயை எங்கேயும் தடுக்கக் கூடாது, அதில் பேச்சே இல்லை. வீட்டு நாய் விஷயம் வேறு. ஒலியின் கீச்சுத்தன்மையை ஹெர்ட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். காபி மெஷினின் சீறலும் நாற்காலி இழுபடும் சத்தமும் அதை என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். மேசைக்கடியில் அடிக்கடி கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, வாலை ஒடுக்கிக்கொண்டு கிடக்கும் நாய் சமர்த்தாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், அது பெரும்பாலும் பதற்றத்தில் இருக்கிறது, அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை ஓடிவந்து தலையைத் தடவினால் கடித்தும் விடலாம், பழி மட்டும் நாய் மேல் விழும்.

அப்புறம், கீழே சிந்தும் சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு விஷம்.

முழுத் தடை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திறந்த வெளியில் தனி இடம், குட்டையான கயிறு, வெறிநோய்த் தடுப்பூசி, கழிவை அள்ளப் பை, இவ்வளவும் இருந்தால் தாராளமாக வரட்டும். மூடிய அறைக்குள் மட்டும் வேண்டாம், ஏனென்றால் ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது, நாய் எழுந்து போன பிறகும் இருக்கையில் தங்கிவிடும். வளர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நாய் வாசல் பக்கம் இழுத்தால் பாதி காபியை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி