உன் மகள் வானம் படிக்கட்டும்

ஒட்டுசுட்டான்,
சித்திரைக் கடைசி

அன்பின் சுகி,

நாங்கள் நலம். நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மன் துணை. அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. குளத்தில் தண்ணீர் இருப்பதால் சிறுபோகம் விதைத்தாயிற்று. நீ கேட்ட ஒடியல் மாவைச் சின்னக்காவிடம் கொடுத்திருக்கிறேன், அடுத்த மாதம் கொண்டு வருவா. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். மகள் வானியற்பியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், மருத்துவம் படிக்கச் சொல்லி நீ புத்தி சொல்லு, அன்ரி சொன்னால் கேட்பாள் என்று எழுதியிருக்கிறாய். சொல்லமாட்டேன். "வெள்ளி பார்த்து என்ன உழைக்கப்போகிறாள்" என்று வேறு கேட்டிருக்கிறாய். எடியே, அதைக் கேட்கிற ஆள் நீயா? பங்கர் வாசலில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, அது திருவாதிரை, இது மிருகசீரிடம் என்று எனக்குக் காட்டித் தந்தவள் நீ. ரொறன்ரோவின் தெருவிளக்கு வெளிச்சத்தில் அதெல்லாம் மறந்துபோச்சோ?

சரி, கோபிக்காதே. அவள் படிக்கக் கேட்பது என்ன படிப்பு என்று உனக்குத் தெரியவேண்டும், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

பௌதிக சேர் டொப்பிளர் விளைவு படிப்பித்த நாளை நினைத்துப் பார். கொட்டில் வகுப்பு. வகுப்பில் விசில் ஊதுகிற பெடியனைச் சைக்கிளில் ஏற்றி, வாய்க்கால் கரையால் ஊதிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகச் சொன்னார். கிட்ட வரும்போது கீச்சென்று கேட்ட சத்தம் தாண்டிப் போனதும் கொஞ்சம் இறங்கியது. சேர் கையைத் தட்டி, "கேட்டதா, கேட்டதா" என்று துள்ளினார். அவன் திரும்பி வரும்போது வாய்க்காலுக்குள் விழுந்ததுதான் உனக்கு நினைவிருக்கும், எனக்குத் தெரியும். அவன் இப்போது பரந்தனில் கடை வைத்திருக்கிறான், உன்னை விசாரித்தான்.

தூரத்துக் கோள்களைப் பிடிப்பதும் அந்த விசில் பாடத்தால்தான். கோள் ஒன்று தன் நட்சத்திரத்தைச் சுற்றும்போது நட்சத்திரமும் சும்மா நிற்பதில்லை, அதுவும் ஒரு சின்ன வட்டம் போடுகிறது. எங்கள் பக்கம் வரும்போது அதன் ஒளி ஒரு துளி நீலப் பக்கமும், விலகும்போது ஒரு துளி சிவப்புப் பக்கமும் நகரும். அந்தத் துளியை அளந்தால் கண்ணுக்குத் தெரியாத கோளின் ஆண்டு எத்தனை நாள், அதன் திணிவு குறைந்தது எவ்வளவு என்று சொல்லிவிடலாம். சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் முதல் கோளை இப்படித்தான் மிசேல் மயோரும் அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த டிடியே கெலோ என்ற பெடியனும் பிடித்தார்கள். பெகாசி 51 என்ற நட்சத்திரம், சுமார் 50 ஒளியாண்டு தூரம், அதாவது ஒளியே ஓடிவர 50 ஆண்டு பிடிக்கிற தூரம். அந்தக் கோளுக்கு நாலு நாளும் சொச்சமும்தான் ஒரு ஆண்டு.

அதை அவர்கள் அறிவித்தது எப்போது தெரியுமா? 1995 ஒக்ரோபர் 6ஆம் திகதி, இத்தாலியில் புளோரன்ஸ் நகரில். அதே ஒக்ரோபர் 30ஆம் திகதிதான் நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நடந்தது. பிறகு கிளாலி கடந்து வன்னிக்கு வந்து என் வாங்கில் வந்து இருந்தாய். வானத்தில் இன்னொரு உலகம் கண்டுபிடித்த சேதி எங்களுக்கு வந்து சேர எத்தனையோ காலம் பிடித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட நாளில் அந்தச் செய்தியைக் கேட்டிருந்தாலும் எங்களுக்குக் காதில் ஏறியிருக்குமா என்று தெரியாது. ஆனால் சேர் கேட்டிருந்தால் அன்றைக்குக் கொட்டிலில் நித்திரை கொண்டிருக்கமாட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் சூரிய குடும்பத்துக்கு வெளியே, பக்கத்து வீடு மாதிரி எங்களுக்கு ஆக நெருங்கிய கோள் எங்கே இருக்கிறது என்று கேட்டால், புறொக்சிமா சென்டோரி என்ற நட்சத்திரத்தில். 4.24 ஒளியாண்டு. 2016 ஓகஸ்டில் கியெம் அங்லாடா எஸ்குடே என்பவரும் அவரது குழுவும் அறிவித்தார்கள். சிலியில் லா சில்லா என்ற மலையில் 3.6 மீற்றர் தொலைகாட்டியில் பிடித்தது. அந்தக் கோள் தன் நட்சத்திரத்தை அசைக்கிற வேகம் செக்கனுக்கு 1.4 மீற்றர் அளவு, மணிக்கு 5 கிலோமீற்றர். ஒரு ஆள் நடக்கிற வேகம், சுகி! நாலு ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு நெருப்புருண்டை நடை வேகத்தில் முன்னும் பின்னும் போய்வருவதை இங்கேயிருந்து அளந்திருக்கிறார்கள். இதை வகுப்பில் சொன்னபோது எனக்கே குரல் நடுங்கிவிட்டது.

கோளின் திணிவு குறைந்தது பூமியளவு. அதற்கு ஆண்டு 11.2 நாள். நட்சத்திரத்துக்கு வெகு கிட்டத்தில் சுற்றுகிறது, ஆனால் அது செங்குறளி, அதாவது மங்கலான சின்னச் சிவப்பு நட்சத்திரம் என்பதால் நீர் நீராகவே இருக்கக்கூடிய வெப்பம் அங்கே கிடைக்கலாம். அதைத்தான் வாழத்தக்க வலயம் என்கிறார்கள்.

புறொக்சிமா வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் பெரியண்ணன்மார் இரண்டு பேர், அல்பா சென்டோரி, எங்கள் குளக்கட்டில் நின்றால் தெரியும். இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு ஒன்றாக, இரவு வானத்தில் மூன்றாவது பிரகாசமான நட்சத்திரமாக நிற்கும். வைகாசி மாதம் பத்து மணிபோலத் தெற்கே பார். கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்து அடிவானத்தில் வை, அதன்மேல் மற்ற முட்டியை வை. அந்த உயரம்தான். பக்கத்தில் இன்னொரு பிரகாசமான நட்சத்திரம், இரண்டையும் கோடாக இழுத்தால் திரிசங்கு. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொருத்தரையும் முட்டி வைத்துப் பார்க்கச் செய்தேன். அப்பா அம்மாமாரும் வந்தார்கள், யானை வரும் என்று பயந்து.

உன் ரொறன்ரோவில் அது ஒருநாளும் எழும்பாது. அவ்வளவு வடக்கே போய்விட்டாய். எங்களுக்கு ஆகக் கிட்டின சூரியன்கள் எங்கள் வயல் வரம்புக்கு மேலே நிற்க, உன் மகள் அதைப் புத்தகத்தில் பார்த்து ஏங்குகிறாள். அவளை ஒருமுறை வைகாசியிலோ ஆனியிலோ கூட்டிக்கொண்டு வா. நல்லூர்த் தேருக்கு ஆவணியில் வந்து பத்து நாளில் ஓடுகிற வழக்கத்தை ஒரு வருடத்துக்காவது விடு.

அந்த இரவு நடந்த ஒன்றுதான் மனதில் நின்று அரிக்கிறது. நல்ல கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் சொன்னான்: "ரீச்சர், பூமி பழுதாய்ப் போனாலும் பிரச்சினையில்லை, அங்கே இடம்பெயர்ந்து போகலாம்தானே." மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அவர்கள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள், வீட்டுக் கதைகளில்தான் இடம்பெயர்வைக் கேட்டவர்கள்.

முதலில் கணக்குச் சொன்னேன். 1977இல் ஏவின வொயேஜர் 1 செக்கனுக்கு 17 கிலோமீற்றர் ஓடுகிறது. அந்த வேகத்தில் புறொக்சிமா இருக்கிற தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுக்கு மேல் பிடிக்கும். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் கணக்கல்ல என் கவலை. உழவு இயந்திரப் பெட்டி வந்து நின்றபோது யார் ஏறினார்கள், யாருக்கு இடமில்லாமல் போனது என்று உனக்கும் எனக்கும் தெரியும். வர மறுத்துத் திண்ணையில் இருந்துகொண்ட கிழவிகளைத் தெரியும். ஆட்டை அவிழ்த்துவிட்டு அழுதவர்களைத் தெரியும். இன்னொரு கோளுக்குப் போய்விடலாம் என்று லேசாகப் பேசுகிறவர்கள் ஒருமுறைகூடத் தங்கள் கிணற்றை விட்டுப் போகாதவர்கள். அதைப் பிள்ளைகளுக்கு அப்படியே சொன்னேன். குளக்கட்டில் வந்திருந்த ஒரு தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தா.

வாழத்தக்கது என்றால் என்ன என்று அடுத்த நாள் வகுப்பில் ஒரு பாடம் முழுவதும் கதைத்தோம். அந்த வலயம் சொல்வது தூரத்தை மட்டும்தான். சந்திரனும் சூரியனிலிருந்து எங்கள் தூரத்தில்தான் நிற்கிறது, ஒரு புல் முளைத்ததா? வளிமண்டலம் வேண்டும். புறொக்சிமா முரட்டு நட்சத்திரம். 2016 மார்ச்சில் ஒருமுறை வெடித்துச் சீறி, கொஞ்ச நேரம் வெறும் கண்ணுக்கே எட்டக்கூடிய அளவுக்குப் பிரகாசித்தது. அப்படி அடிக்கடி அடி வாங்குகிற கோளில் காற்று தங்குமா என்பதே கேள்வி. ட்ரப்பிஸ்ட்-1 என்று கும்ப ராசியில் இன்னொன்று, 40 ஒளியாண்டு. பூமியளவில் ஏழு கோள்கள் என்று 2017இல் மிசேல் கியோனின் குழு அறிவித்தபோது உலகமே துள்ளியது. 2023இல் விண்வெளியில் நிற்கிற ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி உட்பக்கத்து இரண்டையும் பார்த்தது. முதலாவதில் காற்று இருப்பதற்கான அடையாளமே இல்லை, இரண்டாவதில் தடித்த காபனீரொட்சைட்டுப் போர்வை இல்லை. வெளியே இருக்கிற மூன்று நாலைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு இது விளங்காத விஷயமா, சுகி? மீள்குடியேற வந்தபோது தண்ணீர் இருந்தது, மண் இருந்தது, எங்கள் சொந்தக் காணி. ஆனால் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் சிவப்பு மட்டை நட்டு, முழங்காலில் இருந்து துளாவித் துளாவித் தோண்டி முடிக்கும்வரை வேலிக்கு வெளியே நின்றோம். ஒரு இடத்தில் சீவிக்கலாமா என்பதை எட்டத்தில் நின்று ஒரு அளவால் சொல்லிவிட முடியாது என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அதனால்தான் பத்திரிகைக்காரரில் எனக்குக் கோபம். மாதம் ஒரு "இரண்டாவது பூமி". போன வருடம் சித்திரையில் நீயும் அனுப்பினாயே, "உயிர் கண்டுபிடித்தாச்சு" என்று ஆறு ஆச்சரியக்குறி போட்டு! அது கே2-18பி என்ற கோள், 124 ஒளியாண்டு. கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதனின் குழு கண்டதாகச் சொன்னது ஒரு வாயுவின் சாயல். பூமியில் அந்த வாயு பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது. அளவீடு உறுதியென்று சொல்லப் போதாது என்று அவர்களே சொன்னார்கள், மற்றவர்கள் அதே தரவை எடுத்துப் பார்த்து மறுத்தார்கள். செய்தியில் இதெல்லாம் வரவில்லை.

எனக்கு இந்தப் படிப்பில் ஆகப் பிடித்தது அந்த மறுப்புத்தான். பார்னார்ட் நட்சத்திரம் 6 ஒளியாண்டு. பீற்றர் வான் டி காம்ப் என்பவர் 1963இல் அதற்குக் கோள் உண்டென்று அறிவித்தார். அவர் கண்ட அசைவு தொலைகாட்டியின் வில்லையைக் கழற்றிப் பூட்டியதால் வந்தது என்று பிறகு மற்றவர்கள் காட்டினார்கள். அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளாமலே 1995 மே மாதம் இறந்தார், மயோரின் அறிவிப்புக்கு ஐந்து மாதம் முன்பு. அதே பார்னார்ட் நட்சத்திரத்தில் 2024இல் உண்மையான கோள் ஒன்றைக் கண்டு, அடுத்த வருடம் நாலு என்று உறுதி செய்தார்கள். நாலும் பூமியைவிடச் சின்னன், நாலும் சீவிக்க முடியாத சூடு. 2010இல் பெரிய ஆரவாரத்தோடு வந்த கிலிசே 581ஜி என்ற "வாழத்தக்க" கோளும் நட்சத்திரத்தின் சொந்தக் கறைகள் காட்டிய மாயம் என்று பின்னர் தெரிந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தட்டிப்பார்க்கலாம், தட்டிப்பார்த்தவரை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. நாங்கள் வளர்ந்த காலத்தை நினைத்துக்கொண்டு இந்த வரியை வாசி.

இப்போது அல்பா சென்டோரியிலேயே ஒரு கதை ஓடுகிறது. ஜேம்ஸ் வெப் 2024 ஓகஸ்டில் எடுத்த படத்தில், அந்த இரண்டில் சூரியனைப் போன்ற பெரிய நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. சனியளவு திணிவுள்ள வாயுக் கோளாக இருக்கலாம், அதுவும் வாழத்தக்க வலயத்துக்குள். 2025இல் திரும்ப இருமுறை பார்த்தபோது அகப்படவில்லை. நட்சத்திரத்துக்கு மிகக் கிட்டப் போய் ஒளிந்திருக்கலாம் என்கிறார்கள். அது உண்டா இல்லையா என்று தெரிய வேண்டும் என்று எனக்கு நித்திரை வருவதில்லை. அங்கே குடிபோவதற்காக அல்ல. உயிர் என்பது இந்த ஒரு மண்ணில் மட்டும் நடந்த காரியமா, வேறெங்கும் நடந்ததா என்று நான் கண்மூட முன் அறிய வேண்டும்.

அறியத் தருவது உன் மகளின் வயதுப் பிள்ளைகள்தான். பூமி சூரியனை அசைக்கிற வேகம் செக்கனுக்கு 9 சென்ரிமீற்றர்தான். இன்னொரு சூரியனைச் சுற்றும் இன்னொரு பூமியைப் பிடிக்க அந்த நுட்பம் வேண்டும். சிலியில் 39 மீற்றர் ஆடியோடு ஒரு தொலைகாட்டி கட்டுகிறார்கள். அது கண் திறக்கும்போது இவள் பட்டம் முடிக்கிற வயதில் இருப்பாள். பிழைப்புக்கு வழி வேண்டும் என்ற உன் பயம் எனக்கு விளங்குகிறது. வெறுங்கையோடு இறங்கின நாட்டில் இரண்டு வேலை செய்து வளர்த்தவள் நீ. ஆனால் தரவைத் துருவவும் நுண்கருவி செய்யவும் தெரிந்தவளுக்கு அந்த நாட்டில் வேலை கிடைக்காதா? கெலோ மாணவனாக இருந்து கண்டதற்கு 2019இல் நோபல் கொடுத்தார்கள் என்பதையும் உன் வீட்டுக்காரரிடம் சொல்லு, அவருக்குப் பரிசு என்றால்தான் காது கேட்கும்.

விண்ணப்பம் எப்போது முடிகிறது? அதற்குமுன் அவளை என்னோடு கதைக்கச் சொல். ஏழு மணிக்குப் பிறகு எடுத்தால் வீட்டில் இருப்பேன். சின்னக்கா திரும்பும்போது பிள்ளைகளுக்காக ஒரு சின்னத் தொலைகாட்டி, 70 மில்லிமீற்றர் போதும், கொடுத்துவிடு. அதில் பார்த்தால் அல்பா சென்டோரி இரண்டாகப் பிரிந்து தெரியும். சேருக்கும் காட்டவேண்டும், ஒரு கண்ணில் இன்னும் பார்வை இருக்கிறது.

அன்புடன்,
வதனி