ஒஸ்தூனி பெரியவருக்கு எங்கள் நன்றி

இத்தாலியின் தென்கிழக்கே பூலியா வட்டாரத்தில், ஒஸ்தூனி நகருக்கு அருகே, ‘மஸ்ஸேரியா’ எனப்படும் பழைய பண்ணைவீடு ஒன்றில் விடுமுறையைக் கழிக்கக் குடும்பத்துடன் சென்றபோது, இருட்டிய பிறகு ஒரு குறுகிய சாலையில் எங்கள் வாடகைக் காரின் டயர் வெடித்தது. சாந்தின்றிக் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள் இருபுறமும் நெருங்கி நின்றதால் வண்டியை ஒதுக்கி நிறுத்தவும் இடமில்லை. டிராக்டரில் அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர், அவர் மொழி எங்களுக்குத் தெரியாதபோதும், முதலில் என் தாயாருக்குத் தண்ணீர் கொடுத்து, பிறகு தம் வண்டியின் விளக்கொளியில் ஸ்டெப்னியை மாட்டி, பண்ணைவீட்டு வாசல்வரை முன்னே சென்று வழிகாட்டினார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் நலம் விசாரிக்க வந்தவர், வீட்டுக்கார அம்மையார் மொழிபெயர்க்க, தம் ஆலிவ் தோப்பைப் பற்றியே நெடுநேரம் பேசினார். சாறுறிஞ்சும் சிறு பூச்சிகளால் பரவும் சைலெல்லா என்ற பாக்டீரியா, 2013இல் அவ்வட்டாரத்தின் தென்பகுதியில் கண்டறியப்பட்டது முதல் பல லட்சம் ஆலிவ் மரங்களைப் பட்டுப்போகச் செய்திருக்கிறது. தொற்றிய மரத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை. அத்தகைய கவலையைச் சுமந்துகொண்டிருப்பவர், முன்பின் அறியாத எங்களுக்காக அத்தனை நேரம் செலவிட்டதை எண்ணி வியக்கிறேன்.

பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஐயா, உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. அந்நோய் உங்கள் மரங்களை அணுகாதிருக்க வேண்டுகிறோம்.