ஒரகடத்தில் இருக்கும் மகனுக்கு

திருச்சி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே ‘சரிம்மா, விடும்மா’ என்று நீ வைத்துவிடுவதால் கடிதமாக எழுதுகிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் படித்துக்கொள்.

உன் கம்பெனியில் அப்ரைசல் முடிந்து, சீனியர் இன்ஜினியர் பதவி உனக்குப் பின்னால் சேர்ந்த பி.இ. படித்த பையனுக்குப் போனதிலிருந்து, நம் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேயேதான் போய் முடிகிறது. பேத்தியின் காய்ச்சலைப் பற்றி நான் கேட்டால்கூட, லீவு கேட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார், நம்மைக் கண்டால் அவருக்கு ஆகாது என்பதில் வந்து நிற்கிறாய். உனக்கு அநியாயம் நடக்கவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. உன்னைப் போலப் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து டி.இ.டி.யாக, அதாவது டிப்ளமோ பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தவரும், கல்லூரியில் பட்டம் முடித்து ஜி.இ.டி.யாக, அதாவது பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தவரும் ஒரே ஷிப்டில் நின்று ஒரே கேஜை, அந்த அளவுகோலைப் பிடித்து அளந்தாலும், கிரேடும் சம்பளமும் வேறு வேறாக இருக்கும் கம்பெனிகள் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். அநியாயம் நடந்த பிறகு இத்தனை மாதங்களாக நீ செய்துகொண்டிருப்பது என்ன என்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவுக்கு வந்திருந்தபோது, எய்ட்-டி ரிப்போர்ட் என்றால் என்ன என்று எனக்கு விளக்கினாய். உங்கள் பக்கத்தில் மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த அதே ஃபோர்டு, 1987இல் கையேடாகத் தொகுத்த முறை அது என்றாய். குறையுள்ள பாகம் ஒன்று கஸ்டமரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்தக் குறை ஏன் உண்டானது என்பதற்கு ஒரு பதிலும், உண்டான குறை உங்கள் சோதனையைத் தாண்டி ஏன் வெளியே போனது என்பதற்கு இன்னொரு பதிலும் தனித்தனியாக எழுத வேண்டும் என்றாய். ஒரு பின்னில் ஹார்ட்னஸ் குறைந்திருந்தால், ‘சப்ளையர் கொடுத்த கம்பி சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் ரிப்போர்ட் திரும்பி வந்துவிடும். சப்ளையர் மேல் தப்பு இருக்கட்டும், உள்ளே வரும் சரக்கைச் சோதிக்கும் உங்கள் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பார்கள். ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எத்தனை முறை ‘ஏன்’ என்று கேட்டாலும், கடைசியில் நாம் மாற்றக்கூடிய ஒன்றில் வந்து நிற்காத வரை அது மூல காரணமே ஆகாது என்று நீ சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் நர்சாக இருந்த வார்டில் ஊசி மாற்றிப் போட்டுவிட்டால் யார் போட்டது என்று தேடுவதோடு விசாரணை முடிந்துவிடும்.

அந்தக் கண்ணோடு உன் அப்ரைசலை ஒருமுறை பார். குறை ஏன் உண்டானது என்றால், உன் மேனேஜருக்குப் பட்டத்தின் மேல் இருக்கும் மோகம் என்று எழுதிக்கொள். நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அது உன்னைத் தாண்டி எப்படிப் போனது? கிரைண்டிங் செக்‌ஷனில் ரிஜெக்‌ஷன் குறைந்ததற்கு, தேய்க்கும் வீலை டிரெஸ் செய்யும், அதாவது அதன் முகத்தைச் சீவிப் புதுப்பிக்கும் இடைவெளியை நீ மாற்றிக் கொடுத்ததுதான் காரணம் என்று நீயே என்னிடம் சொன்னாய். அந்த வேலையை மாதாந்தர ரிவ்யூவில் எழுந்து நின்று சொன்னது யார்? ‘இங்கிலீஷில் பேச வேண்டும், நீயே பேசிவிடு’ என்று சொல்லி, உன் கையால் போட்ட சார்ட்டுகளை அந்தப் பையனிடம் கொடுத்ததும் நீதான் சொன்னாய். செல்ஃப் அப்ரைசல் படிவத்தில், ஆண்டு முழுவதும் செய்ததை எழுதச் சொல்லிக் கொடுத்த கட்டத்தில், ‘கொடுத்த வேலைகளைச் செய்து முடித்தேன்’ என்று ஒரே வரி எழுதி அனுப்பியதையும், எழுதினால் மட்டும் கொடுத்துவிடுவார்களா என்று சிரித்ததையும் நான் மறக்கவில்லை. ஒரு சப்ளையர் உனக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?

இதனால் உன் மேனேஜர் நல்லவர் ஆகிவிட மாட்டார். ரிப்போர்ட்டில் இரண்டு பதிலும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நியாயமான குறை சொல்லி வருகிறவனைப் பார்த்து ‘உன் மனநிலையை மாற்றிக்கொள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று அறிவுரை சொல்லி அனுப்பும் அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குத் துளி மரியாதையும் கிடையாது.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், டியூட்டி லிஸ்ட் ஒட்டும் நாளெல்லாம் ஒரே பேச்சாக இருக்கும். தனக்கு மட்டும்தான் நைட் டியூட்டி அதிகமாகப் போடுகிறார்கள் என்று ஒரு மூத்த சிஸ்டர் டீ குடிக்கும் இடத்தில் சொல்லாத நாள் இல்லை. கேட்பவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். அவரோடு இருந்த இளைய சிஸ்டர் ஒருத்திக்கும் அதே சந்தேகம் இருந்தது. அவள் பழைய டியூட்டி ரிஜிஸ்டரை எடுத்து, கோடு போட்ட நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக நைட், ஆஃப், பண்டிகை நாள் என்று குறித்துக்கொண்டே வந்தாள். நைட் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொங்கலும் தீபாவளியும் வந்தால் இவள் பெயர் தவறாமல் டியூட்டியில் இருந்தது. கல்யாணம் ஆகாதவள்தானே என்று போட்டிருக்கிறார்கள். அந்த நோட்டோடு நர்சிங் சூப்பரின்டென்டென்டைப் போய்ப் பார்த்தாள். அவருக்குக் கோபம் வந்தது, உன்னை யார் கணக்கெடுக்கச் சொன்னது என்று கேட்டார். இருந்தாலும் அடுத்த ஆண்டு முதல் பண்டிகை டியூட்டி முறை வைத்து வந்தது. மூத்தவர் ஓய்வு பெறும்வரை நைட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏதோ ஓர் அநியாயம் நடந்திருக்கும். எங்கே என்று அவர் தேடிப் பார்க்கவே இல்லை.

எங்கள் நர்சிங் படிப்பில் உளவியலும் ஒரு பாடம். அதில் 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மையர் என்ற இருவர் நாய்களை வைத்துச் செய்த சோதனை வரும். தன்னால் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியை முதலில் அனுபவித்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தாழ்வான ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோதும், தாண்டாமல் படுத்துவிட்டன. உன்னை நாயோடு ஒப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஈவிரக்கமற்ற சோதனை என்றுதான் நானும் நினைக்கிறேன். அதன் தொடர்ச்சிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த நாய்களுக்குத் தீனி காட்டி அழைத்தும் பயனில்லாமல், கழுத்துக் கயிற்றைப் பிடித்து அந்தப் பக்கம் பலமுறை இழுத்த பிறகுதான் அவை தாமாகத் தாண்டத் தொடங்கின. இதே இருவரும் 2016இல் தங்கள் கருத்தைத் திருத்தி எழுதினார்கள்: நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது உடம்பின் இயல்பு, நம்மால் ஏதோ முடியும் என்பதுதான் கற்றுக்கொண்டு வருவது என்று. ஆகவே நீ முடங்கிப்போனதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. நீயாகத் தாண்டும்வரை உன்னைப் பிடித்து இழுக்க வேண்டியது என் வேலை என்று மட்டும் நினைக்கிறேன்.

அநியாயத்தைச் சகித்துக்கொள் என்று சொல்லும் ஆளும் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள், 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைவிட ஏமாற்றப்பட்டவர்கள் யார்? ஆனால் அவர்கள் ‘எங்களுக்கு யாரும் இல்லை’ என்று சொல்ல வரவில்லை. நிரந்தரம் செய், ஊதியத்தை உயர்த்து என்று கேட்க வந்தார்கள். முதலில் ஊதியம்தான் உயர்ந்தது, நிரந்தரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. நீ இதுவரை என்ன கேட்டாய் என்று யோசித்துப் பார். மேனேஜரிடம் நீ எதுவுமே கேட்டதில்லை. சாப்பாட்டு மேஜையில் உன்னைப் போலவே மனம் நொந்த நான்கு பேரிடம் சொல்கிறாய், வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொல்கிறாய், ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொல்கிறாய். எங்களில் யாருக்கும் உனக்குப் பதவி கொடுக்கும் அதிகாரம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. போன மாதம் உங்கள் லைனில் கான்ட்ராக்டில் இருந்த ஒரு பையனை ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் உன் ரேட்டிங்குக்கு வந்துவிட்டாய். முன்பெல்லாம் நீ அப்படிப் போகிறவன் இல்லை. தன் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் முனகுவது காதில் விழாமல் போகும். வார்டில் அதைத் தினமும் பார்த்தவள் நான்.

இனி செய்ய வேண்டியது அதிகம் இல்லை. இந்த ஆண்டு நீ செய்தவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கு: எந்தப் பாகம், என்ன குறை, நீ என்ன மாற்றினாய், ரிஜெக்‌ஷன் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு வந்தது. அடுத்த ரிவ்யூவில் உன் சார்ட்டை நீயே பேசு. தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினால் யாரும் தூக்கில் போட மாட்டார்கள், எண்கள் பேசிக்கொள்ளும். பிறகு மேனேஜரிடம் நேரம் கேட்டுத் தனியாகப் போய் உட்கார். அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே. சீனியர் இன்ஜினியர் ஆவதற்கு என்னிடம் என்ன குறைகிறது, டிப்ளமோ படித்தவர்களுக்கு அந்தக் கிரேடு உண்டா இல்லையா என்ற இரண்டை மட்டும் கேள். அவர் சொன்னதை அன்றே ஒரு மெயிலில் எழுதி அவருக்கே அனுப்பிவிடு. குறை என்று ஏதாவது சொன்னால், அதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கலாம். பகுதி நேர பி.இ. படிக்க வேண்டியிருந்தால் முதல் ஆண்டுக் கட்டணத்தை நான் என் பென்ஷனிலிருந்து தருகிறேன். டிப்ளமோவுக்கு அந்தக் கிரேடே கிடையாது என்று சொல்லிவிட்டால், அதுவும் நல்ல செய்திதான். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை உன் வேலை தெரிந்தவனைத் தேடும் கம்பெனிகள் இருக்கின்றன; வெளியே போக முடிவு செய்தால், புலம்பிக்கொண்டு போகாமல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, மேனேஜரிடம் நேரம் கேட்டாயா, எந்தத் தேதி கொடுத்தார் என்பதை முதலில் சொல். பேத்தியின் இருமலுக்கு அந்த சிரப்பை ஐந்து நாளைக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா