தொண்டி ஏன் இரண்டு தடவை வருகிறது?

ராமநாதபுரம் கடற்கரை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் செயலாளர்களுக்கும், அங்கே கணினி பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நங்கூரம் போட்டதும் நிவாரணப் பட்டியல் சுவரில் ஏறும், கூடவே சண்டையும். தரவுத்தளத்தில் கிடப்பதைச் சரிபார்க்காமல் தாளில் கொட்டுவதால்தான் அதில் பாதி வருகிறது.

தொண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்வாரி மொத்தத்தில் சில சமயம் தொண்டி இரண்டு தடவை வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் யூனிகோடில் ‘தொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கணினிக்கு அவை வேறு வேறு ஊர். பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு முறைக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். பெரும்பாலும் ஒரு வரி நிரல்தான். ஆனால் எழுத்தே வேறான ராமேஸ்வரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் மூன்றையும் அது சேர்க்காது. ஊருக்கு ஓர் எண் கொடுத்து, பெயரைத் தனி அட்டவணையில் ஒரே தடவை வையுங்கள்.

அப்புறம் பணம். ஒருவருக்கு இரண்டு படகு இருந்தால், உறுப்பினர் அட்டவணையைப் படகு அட்டவணையோடு இணைத்ததும் அவர் இரண்டு வரியாவார், தொகையும் இரட்டிக்கும். உடனே பெயரைப் பார்த்து ஒன்றை வெட்டிவிடாதீர்கள். தங்கச்சிமடத்தில் அந்தோணிகளுக்குப் பஞ்சமா என்ன? வேறொரு அந்தோணியின் பணம் போய்விடும். நிவாரணம் குடும்பத்துக்கு என்பதால் ரேஷன் கார்டு எண்ணை வைத்து ஒரு வரியாகச் சுருக்கிவிட்டு, பிறகு கூட்டுங்கள்.

எக்செல் வழியாகப் போகிறவர்கள் வங்கிக் கணக்கு எண்ணை எழுத்தாக வையுங்கள். எண்ணாக வைத்தால் முன்னாலுள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். 16 இலக்கமென்றால் கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். படகு எண்ணில் நேர்மாறான தொல்லை: எழுத்தாக வரிசைப்படுத்தினால் 9-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். எண் பகுதியைத் தனியே பிரித்து வரிசைப்படுத்த வேண்டும்.

இதையெல்லாம் ரிப்போர்ட் வடிவமைப்புக்குள் ஃபார்முலா எழுதிச் சமாளிப்பவர்கள் உண்டு. அந்த ஒரு தாள் சரியாக வரும். வங்கிக்குப் போகும் தாள் வேறு கணக்குச் சொல்லும். சுத்தம் செய்வது, சுருக்குவது, வரிசைப்படுத்துவது எல்லாவற்றையும் ஒரு வியூவில், அதாவது தரவுத்தளத்திலேயே சேமித்துவைத்து அட்டவணை போலப் படிக்கும் வினவலில், முடியுங்கள். அச்சடிக்கும் அன்று அதைத் தனி அட்டவணையாக நகலெடுத்து, எல்லா ரிப்போர்ட்டும் அந்த நகலையே படிக்கட்டும். நகலெடுத்த தேதியும் நேரமும் தாளின் தலையில் இருக்கட்டும்.

சரி, ஒரே ஒரு வேண்டுகோள். சுவரில் ஒட்டுமுன் ஊர் மொத்தங்களை மட்டும் ஒரு பக்கம் எடுத்து, உறுப்பினர் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். இதை மார்ச்சிலேயே செய்தால் திருத்த நேரம் இருக்கும்.