பிஸ்டலின் விலையும் தோட்டாவின் பொருத்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கிச் சுடும் போட்டிகளைப் பற்றி வெளிவரும் செய்திகளில் வீரர்களின் மன ஒருமைப்பாடும் பயிற்சியும் விரிவாகப் பேசப்படுகின்றன. கையிலிருக்கும் கருவியோ ‘அதிநவீன பிஸ்டல்’ என்ற ஒரே தொடரோடு முடிந்துவிடுகிறது. இதைப் படிக்கும் இளைஞர்களும், அவர்களுக்காகச் செலவழிக்கும் பெற்றோரும், விலை கூடிய பிஸ்டலை வாங்கினால் புள்ளிகளும் தாமாகக் கூடிவிடும் என்று எண்ணிவிடுகிறார்கள். இவ்விளையாட்டில் நெடுங்காலமாக ஈடுபட்டு, அதே எண்ணத்தால் பணத்தையும் இழந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

துல்லியம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. சுட்ட குண்டுகள் ஒன்றையொன்று ஒட்டி விழுவது ஒன்று. அந்தக் கூட்டம் இலக்கின் நடுவில் அமைவது மற்றொன்று. இரண்டாவதை, குறிபார்க்க உதவும் பின்குறியின் திருகைச் சற்றுத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். முதலாவதற்கு அத்தகைய திருகு எதுவும் இல்லை. அது குழலும் தோட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைச் சார்ந்தது.

போட்டிகளில் பெரிதும் பயன்படும், பெயரளவில் 0.22 அங்குல விட்டம் கொண்ட .22 தோட்டாவில், தீப்பொறி தரும் கலவை அடிப்பகுதியின் விளிம்புக்குள் வளையமாகப் பரப்பப்பட்டிருக்கும். அது ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் அமைந்துவிட்டால், மருந்து பற்றும் விதமும் அதனால் குண்டின் வேகமும் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நொடி எடுத்துக்கொள்கிறது; அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 14 சென்டிமீட்டர் கீழே இறக்கிவிடுகிறது. வேகம் நொடிக்கு 10 மீட்டர் குறைந்தால் மேலும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் இறங்கும். அந்தத் தொலைவுக்குரிய இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 5 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்தால், இந்த ஒரு சென்டிமீட்டரின் அருமை புரியும். ஆனால் 25 மீட்டரில் இதே வேறுபாடு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. எனவே 2016 ரியோ போட்டிகளுக்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டுவிட்ட 50 மீட்டர் பிஸ்டல் பிரிவுக்கு ஏற்ற உயர்விலைத் தோட்டாவை 25 மீட்டரில் சுடுபவர் தேடி அலைவது பெரும்பாலும் வீண்செலவு என்பது என் கருத்து. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அவருடைய பிஸ்டலுக்குச் சிக்காமல் ஏறி இறங்கும் தோட்டாவே முதல் தேவை.

குழலைப் பொறுத்தவரை, குண்டைச் சுழலவைக்கும் உட்சுவரின் முறுக்குப் பள்ளங்களைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். குழல்வாயின் விளிம்பை மறந்துவிடுகிறார்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் பிரியும் இடம் அதுதான். அவ்விளிம்பில் ஒரு பக்கம் சிறு வடு இருந்தாலும், பின்னாலிருந்து தள்ளிவரும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறி, ஈயக் குண்டைச் சாய்த்துவிடும். துப்புரவுக் கம்பியை வாய்ப்புறமாகச் செருகி உரசியே நல்ல குழல்களைக் கெடுத்தவர்கள் எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருவரல்லர். துடைத்து முடித்த குழலில் முதல் சில குண்டுகள் சற்று விலகி விழுவதும் இயல்பே. குண்டின் மேலுள்ள மெழுகு குழலுக்குள் சீராகப் படிந்த பிறகே குண்டுகளின் கூட்டம் நிலைபெறும்.

இவ்வளவும் சரியாக அமைந்தபின்னும் ஒரு புதிர் எஞ்சுகிறது. ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதிரியாகச் செய்யப்பட்ட இரண்டு பிஸ்டல்களில், ஒன்றுக்கு நன்கு பொருந்திய ‘லாட்’, அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான தோட்டாக்கள், மற்றொன்றில் சிதறுவதுண்டு. ஆகவே தோட்டாவின் பெயரைக் கேட்டு வாங்காமல், பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணைப் பார்த்து, தன் பிஸ்டலையே அசையாத பிடிப்பில் பூட்டிச் சுட்டுப்பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் பத்துப் பத்துக் குண்டுகளாகப் பலமுறை செய்தாக வேண்டும். மூன்று குண்டுகள் ஏறக்குறைய ஒரே துளையில் புகுந்ததைக் கண்டு மயங்கி, ஓராண்டுக்குரிய தோட்டாக்களை ஒரேயடியாக வாங்கியவன் நான். நான்காவது குண்டு எங்கே போகும் என்று அன்று கேட்டுக்கொள்ளவில்லை. காற்றழுத்தப் பிஸ்டலின் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டுகள் என்னும் சிறு ஈயக் குண்டுகளிலும் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 எனத் தனித்தனியாக விற்கப்படுவது இந்தப் பொருத்தத்துக்காகவே. பாவாடை எனப்படும் மெல்லிய பின்பகுதி நசுங்கிய பெல்லட்டை எவ்வளவு உயர்ந்த குழலாலும் காப்பாற்ற முடியாது.

இனி, கை. சைட் என்று நாங்கள் அழைக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 22 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொண்டால், முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினாலே 25 மீட்டரில் குண்டு 11 சென்டிமீட்டருக்கு மேல் விலகிப்போகும். அதற்கு மாறாக, இரு குறிகளும் நேராக நிற்க, கை முழுவதும் 5 மில்லிமீட்டர் ஆடினால் குண்டும் அதே 5 மில்லிமீட்டர் மட்டுமே விலகும். ஆக, கையின் ஆட்டத்தைவிட மணிக்கட்டின் சிறு கோணல்தான் பகை. அக்கோணலைப் பெரும்பாலும் உண்டாக்குவது சுடுவதற்கான விசையை (டிரிக்கரை) அழுத்தும் அந்த ஒரு கணம். 25 மீட்டர் பிரிவில் விசை, விடுபடாமல் குறைந்தது 1,000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். காற்றழுத்தப் பிஸ்டலில் 500 கிராம். இந்த எடையைக் குறைக்க விதி இடம்தராது என்றாலும், விசை உராய்வின்றி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் விடுபடும்படி செய்துகொள்ள இடமுண்டு. மரப்பிடியை உள்ளங்கைக்கேற்ப அரத்தால் ராவிச் சரிசெய்துகொள்வதற்கு ஆகும் செலவோ மிகக் குறைவு. புதிய குழலுக்கான பணத்தைச் சேர்ப்பதற்கு முன் இவ்விரண்டையும் முடித்துக்கொள்வதே முறை என்பேன்.

போட்டிகளுக்குச் செல்லும் தங்கள் செய்தியாளர்கள், இனி பிஸ்டலின் பெயரைக் கேட்கும்போது, எந்த லாட் தோட்டாவை, எத்தனை சுற்றுகள் சுட்டுப்பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்றும் வீரரிடம் சேர்த்துக் கேட்டு எழுதுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்