நோபலின் செயலாளர் என்ற அறிமுகம் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், போரை எதிர்த்து எழுதிய ஆஸ்திரிய எழுத்தாளர் பெர்த்தா ஃபான் சுட்னரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அதில் பெரும்பகுதி ஆல்ஃபிரட் நோபலுக்கே போய்விட்டது. நோபலின் செயலாளர் என்று தொடங்கி, நோபல் அவரைக் காதலித்தாரா என்ற விசாரணையோடு கட்டுரை முடிகிறது. பெர்த்தாவின் தாயைப் பற்றி ஒரு வரி இல்லை. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு இது மனத்தாங்கலாக இருக்கிறது. வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நான் குடும்பத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

1843 ஜூன் 9 அன்று பிராக் நகரில் கின்ஸ்கி என்ற பெரிய பிரபு குடும்பத்தில் பெர்த்தா பிறந்தார். தந்தை ஆஸ்திரியப் படையின் உயர் தளபதி. எழுபத்தைந்து வயதில், மகள் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். தாய் சோஃபி அவரைவிட ஏறக்குறைய ஐம்பது வயது இளையவர்; உயர்குடியில் பிறந்தவரும் அல்லர். அந்தக் கால வியன்னா அரசவைக்குள் நுழைய முப்பாட்டன், முப்பாட்டி வரை எல்லோரும் பிரபு வம்சமாக இருக்க வேண்டும். பெர்த்தாவுக்கு அந்தத் தகுதி இல்லை. பட்டம் இருந்தது, வாசல் திறக்கவில்லை. போதாக்குறைக்கு, தாய் வீஸ்பாடன் போன்ற ஊர்களின் சூதாட்டக் கூடங்களில் கையிருப்பைக் கரைத்தார்.

ஆகவே முப்பது வயதில் அந்தப் பிரபு மகள் சம்பளத்துக்கு வேலைக்குப் போனார். வியன்னாவில் சுட்னர் பிரபுவின் நான்கு பெண்களுக்கு ஆசிரியை. அந்த வீட்டின் இளைய மகன் ஆர்தருக்கும் அவருக்கும் காதல் மலர்ந்தது. ஆர்தர் ஏழு வயது இளையவர். பணமில்லாத, வயதில் மூத்த மருமகளை அந்தக் குடும்பம் ஏற்கவில்லை. பாரிஸில் வசிக்கும் ஒரு செல்வந்தருக்குச் செயலாளர் தேவை என்ற விளம்பரத்தைக் காட்டி அவரை அனுப்பிவைத்தவரே ஆர்தரின் தாயார்தான். கட்டுரையில் இதையும் காணோம்.

பாரிஸில் அவர் இருந்தது ஏறக்குறைய ஒரு வாரம்தான். அந்தச் செல்வந்தரான நோபல் வேலையாக ஸ்வீடன் போயிருந்த நேரத்தில் இரண்டு தந்திகள் வந்தன. ஒன்று நோபலிடமிருந்து: நலமாக வந்து சேர்ந்தேன், எட்டு நாளில் திரும்புவேன். மற்றொன்று ஆர்தரிடமிருந்து: நீ இல்லாமல் என்னால் வாழ முடியாது. தம் பாதுகாவலர் விட்டுச்சென்ற வைரச் சிலுவையை விற்றுப் பயணச் செலவுக்குப் பணம் திரட்டி, பெர்த்தா வியன்னாவுக்கு ரயில் ஏறினார். 1876 ஜூன் 12 அன்று யாருக்கும் தெரியாமல் திருமணம். பிறகு இருவரும் அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த ஜார்ஜியாவுக்குப் போய்விட்டார்கள்.

அங்கே கழிந்த ஒன்பது ஆண்டுகளை உங்கள் கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார். என்னைக் கேட்டால், பெர்த்தா உருவானதே அங்கேதான். மொழியும் இசையும் கற்றுக்கொடுத்து வயிறு வளர்த்தார்கள். 1877இல் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. காயம்பட்ட வீரர்கள் வந்து இறங்குவதைப் பக்கத்திலிருந்து கண்டார்கள். தளபதியின் மகளாக வளர்ந்தவருக்குப் போர் என்பது அதுவரை பதக்கமும் அணிவகுப்பும்தான். இருவரும் பேனா பிடித்ததும் அங்கேதான். 1885இல் ஆர்தரின் பெற்றோர் மனமிரங்க, ஆஸ்திரியாவில் இருந்த குடும்பத்தின் ஹார்மான்ஸ்டார்ஃப் மாளிகைக்குத் திரும்பினார்கள்.

1889இல் வெளியான அவருடைய 'ஆயுதங்களைக் கீழே போடுங்கள்' நாவலின் நாயகியும் ஒரு தளபதியின் மகள்தான். இத்தாலியில் ஆஸ்திரியா நடத்திய 1859 போரில் கணவனை இழக்கிறாள். அந்த வீட்டுப் பேச்சை, வீர முழக்கத்தை, வெளியிலிருந்து ஒருவர் அப்படி எழுதியிருக்க முடியாது. 1891இல் அவர் ஆஸ்திரிய அமைதிச் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டு ஆர்தர் யூத வெறுப்பை எதிர்க்கும் சங்கத்தைத் தொடங்குவதில் முன்னின்றார். அந்தத் தம்பதியை இப்படிச் சேர்த்துப் பார்க்காமல் நோபலோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது ஆர்தருக்கும் செய்யும் அநீதி.

நோபலோடு நட்பு இருந்தது, மறுக்கவில்லை. 1896இல் அவர் இறக்கும் வரை கடிதங்கள் போய்வந்தன. அமைதிக்கென ஒரு பரிசு என்ற எண்ணத்தில் பெர்த்தாவுக்குப் பங்குண்டு என்றே கருதப்படுகிறது. ஆனால் 1905இல் அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் என்ற இடத்தை அவருக்குக் கொடுத்தது ஒரு வாரச் செயலாளர் வேலை அல்ல. அப்போது ஆர்தர் உயிரோடு இல்லை. 1902இல் அவர் இறந்தபின் கடனில் மூழ்கியிருந்த மாளிகையும் கைவிட்டுப் போயிருந்தது. கைம்பெண்ணாக, கையில் அதிகம் இல்லாமல், ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். 1914 ஜூன் 21 அன்று வியன்னாவில் காலமானார். அடுத்த வாரம் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று முதல் உலகப் போருக்கு வழிவிட்ட துப்பாக்கி வெடித்தது. அவ்வாண்டு வியன்னாவில் கூடவிருந்த அமைதி மாநாடு நடக்கவே இல்லை.

அவருடைய படத்தின் கீழ் 'நோபலின் தோழி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இந்தத் தொடர் நூலாக வரும் என்று அறிவித்திருப்பதால் கேட்கிறேன்: அந்த வரியை எடுத்துவிட்டு 'ஆஸ்திரிய அமைதிச் சங்கத்தை நிறுவியவர்' என்று போடுங்கள். சோஃபிக்கும் ஆர்தருக்கும் தலா ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்