ஓடையோரம் எங்களைக் கூட்டிப்போனவர்களுக்கு

சாமிமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் ஐயாவுக்கும், மேல்மலையில் கொழுந்து பறித்த அக்காமாருக்கும், ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும் வணக்கம்.

எல்லாரும் பத்திரமாகக் கொழும்பு வந்து சேர்ந்துவிட்டோம்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் போய் விழும் அந்த ஓடையோடு, அது புறப்படும் காடுவரை ஏறிப் பார்க்கத்தான் வந்தோம். சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களுக்குப் படிக்கட்டு உண்டு, தேத்தண்ணிக் கடை உண்டு. இங்கே உண்ணிச்செடியும் மானாப்புல்லும் ஆளுயரத்துக்கு மூடிக்கிடந்தன. தண்ணீர்ச் சத்தம் கேட்டதே தவிர தண்ணீர் கண்ணில் படவில்லை. பாதையே இல்லையே என்று நாங்கள் முழித்தபோது ஐயா சிரித்தார். பன்னங்களை விலக்கி, அடியில் கிடந்த கறுப்புக் குழாயைக் காலால் தட்டிக் காட்டினார். லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் வருவது அதில்தானாம். இலை அடைத்தால் மேலே போய் எடுத்துவிடுவது அவர் வேலை. குழாய் போன வழிதான் அவர் வழி.

கையில் கத்தி இருந்தும் அவர் கண்டபடி வெட்டவில்லை. கரையோரச் செடிகளை எங்களையும் தொட விடவில்லை. வேர் போனால் அடுத்த மழையில் கரையும் போய்விடும் என்றார். ஓரிடத்தில் சட்டென்று கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தினார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் உற்றுப் பார்த்தால், சாய்ந்த மரத்தின் கிளையில் கறுப்பாகத் தொங்கியதன் மேற்புறம் அலையலையாக அசைகிறது. குளவிக்கூடு! தோட்டங்களில் குளவி கொட்டி உயிர் போன செய்திகளை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம். மூச்சு விடாமல் பின்வாங்கி, தேயிலைக்குள் ஏறிச் சுற்றிப் போனோம். ஐயா, அந்த ஒரு கைக்கு எப்படி நன்றி சொல்வது?

அக்காமாருக்கும் அதே அளவு கடன்பட்டிருக்கிறோம். ஐப்பசி மாதத்துக் காலை வெயிலை நம்பக் கூடாதுதான். ஆனால் எங்கள் தலைக்குமேல் வானம் வெளுத்திருந்தது. உச்சியில் மழை இறங்குவதைக் கண்டு, "ஆத்த விட்டு ஏறுங்க!" என்று கூவியவர்கள் நீங்கள். ஐயா குனிந்து தண்ணீரைப் பார்த்தார். சருகு மிதந்து வந்தது; நிறம் தேத்தண்ணி மாதிரி மாறிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் நாங்கள் நின்ற பாறை வெள்ளத்துக்குள் போய்விட்டது. ஊற்றைப் பார்க்கவில்லை என்ற வருத்தம் எங்களில் யாருக்கும் இல்லை.

லயத்து அடுப்படியில் உட்கார வைத்துக் கொடுத்த ரொட்டியும் கட்டச்சம்பலும் தனிக் கணக்கு. அட்டைக்குக் காய்ந்த சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்க்கச் சொன்னீர்களே, அது கொழும்பிலிருந்து கொண்டுபோன தைலத்தைவிட நன்றாக வேலை செய்தது. தேய்க்காதவர்கள் இன்னும் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் ஏறிய ஓடை போய்ச் சேரும் மஸ்கெலி ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பில் நாங்கள் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் அந்தக் கங்கைத் தண்ணீர். அதன் தலைமாட்டில் ஒரு லயமே ஒட்டுப்போட்ட ஒற்றைக் குழாயையும், இந்த வயதிலும் மழையில் மலையேறும் ஒருவரையும் நம்பி இருக்கிறது. எங்களுக்கு இது உறுத்துகிறது.

இருட்டும்வரை மழையில் காத்திருந்த தம்பி, வாடகைக்கு மேல் ஒரு சதம் வாங்கவில்லை. ஐயா கேட்ட குழாய் மூட்டுகளையும், குழாயின் வாயில் கட்டும் வலையையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறோம். அளவு சரியில்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள் ஐயா, கடையில் மாற்றித் தருவார்கள்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள்